ஒரு ஓட்டும் ஒரு குடம் தண்ணீரும்

2021 ஏப்ரல் 4, ஞாயிற்றுக்கிழமை. தமிழகச் சட்டமன்றத் தேர்தலுக்கு இன்னும் இரண்டே நாள். அன்று மாலையோடு ஒலிபெருக்கிகள் ஓய்ந்து, பிரசாரம் முடிய வேண்டும். அதே நாளில் விஜய் டி.வி.யில் ஒரு புதுப்படம் வந்தது. தியேட்டருக்குப் போகாமல் நேராக வீட்டு வரவேற்பறைக்கே வந்த அந்தப் படம், மடோன் அஷ்வின் இயக்கிய 'மண்டேலா'.

கதை நடப்பது சூரங்குடி என்ற கற்பனைக் கிராமத்தில். ஊரில் இரண்டு சாதி. ஊராட்சித் தலைவர் பதவிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆளுக்கொருவர் நிற்கிறார்கள். தலைகளை எண்ணிப் பார்த்தால் இரு தரப்புக்கும் ஓட்டு சரிசமம். அந்த ஊரில் எந்தப் பக்கமும் சேர்த்துக்கொள்ளாத ஒருவர் இருக்கிறார்: மரத்தடியில் முடி திருத்தும் தொழிலாளி. யோகி பாபு நடித்த அந்தப் பாத்திரத்தை ஊரே 'இளிச்சவாயன்' என்றுதான் கூப்பிடும். சொந்தப் பெயர் கிடையாது, அடையாளச் சான்று கிடையாது. அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் அவருக்கு நெல்சன் மண்டேலா என்று பெயர் வைத்து, அட்டை கிடைக்க வழி செய்கிறார். வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிய நாளிலிருந்து, கிராமத்தின் அடுத்த தலைவர் யார் என்பது அவர் விரல் நுனிக்கு வந்துவிடுகிறது.

முதலில் பரிசுகள் குவிகின்றன. பிறகு மிரட்டல், அடி, ஏலம். கடைசியில் அந்த மனிதர் தனக்கென்று கேட்பதை விட்டு, ஊருக்குச் சாலை, தண்ணீர், பள்ளிக்கூடம், கழிப்பறை என்று கேட்கத் தொடங்குகிறார். ஒரு ஓட்டின் விலை என்ன, மதிப்பு என்ன என்பதை இரண்டேகால் மணி நேரத்தில் இவ்வளவு தெளிவாகப் புரியவைத்த படம் தமிழில் அரிது. வசனத்துக்காகவும் அறிமுக இயக்குநருக்காகவும் தேசிய விருதுகள் கிடைத்தன.

ஒரே ஓட்டில் முடிவு மாறுவது சினிமாக் கற்பனையும் அல்ல. 2004-இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளி சட்டமன்றத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் ஒரு ஓட்டு. 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில், முதல்வர் பதவிக்குப் பேசப்பட்ட காங்கிரஸ் தலைவர் சி.பி.ஜோஷி தோற்றதும் ஒரே ஓட்டில்தான்.

தமிழ்நாட்டில் சினிமாவும் அரசியலும் பின்னிக் கிடப்பதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., வி.என்.ஜானகி, ஜெயலலிதா என்று திரையோடு தொடர்புடைய ஐந்து பேர் முதல்வர் நாற்காலியில் அமர்ந்த மாநிலம் இது. ஆனால் 'யார் சினிமாவிலிருந்து வந்தார்' என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டால் முக்கியமான ஒன்று விடுபட்டுப்போகிறது. நம் படங்கள் அரசியலைப் பற்றி நமக்கு என்ன சொல்லித் தந்தன? யார் ஆள வேண்டும் என்று சொல்லும் படங்கள் நம்மிடம் ஏராளம். ஆட்சி எப்படி நடக்கிறது என்று காட்டும் படங்கள் சிலவே. குடிமக்களுக்கு அதிகம் உதவுவது இந்த இரண்டாம் வகைதான்.

மேடை கிடைக்காதவர்களின் திரை

தி.மு.க. தொடங்கப்பட்டது 1949 செப்டம்பரில். அது தேர்தலில் முதன்முதலாக நின்றது 1957-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் கட்சிக்குச் சட்டமன்றத்தில் குரல் இல்லை. அந்த இடத்தை நாடக மேடையும் திரையும் நிரப்பின. அண்ணாவின் கதை வசனத்தில் 'வேலைக்காரி' வந்தது 1949-இல். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வந்தது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், மு.கருணாநிதி வசனம், சிவாஜி கணேசனுக்கு முதல் படம்.

'பராசக்தி'யின் கதை, போர்க்காலத்தில் ரங்கூனிலிருந்து திரும்பும் ஒரு குடும்பம் சிதறிப்போவதைச் சொல்கிறது. ஆனால் மக்கள் அதில் பார்த்தது தங்கள் காலத்தை. நடைபாதையில் படுத்துக் கிடக்கும் ஏழைகள், சோற்றுக்கு அலையும் கூட்டம், கோயிலுக்குள்ளேயே ஒரு பெண்ணுக்கு நேரும் கொடுமை, கடைசியில் நீதிமன்றக் கூண்டில் நின்று சமூகத்தையே குற்றவாளி ஆக்கும் நாயகன். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ராஜாஜி சென்னை மாகாண முதல்வராகியிருந்தார். படத்தைத் தடை செய்ய வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. தடை வரவில்லை. வசனத்தை மனப்பாடமாக ஒப்பிப்பது ஒரு தலைமுறைக்கே பழக்கமானது.

இலங்கைப் பேராசிரியர் கா.சிவத்தம்பி, தமிழ் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்தவர். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கலையைப் பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை என்பது அவர் கவனித்துச் சொன்ன விஷயம். கோயிலுக்குள் நுழையவே போராட வேண்டியிருந்த மக்களுக்கு, டிக்கெட் காசு இருந்தால் கொட்டகைக்குள் இடம் உண்டு. படத்தில் பேசப்பட்ட சமத்துவத்துக்கு முன்னாலேயே, படம் பார்த்த இடத்திலேயே ஓர் அரசியல் நடந்துவிட்டது.

ஒரு நாள் ராஜா

1958-இல் எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்னன்' அடுத்த கட்டம். அரசனைப் போலவே முகம் கொண்ட ஒரு சாமானியன் அரியணையில் அமர்ந்து, ஏழைகளுக்கான சட்டங்களை வரிசையாக அறிவிக்கிறான். படத்தை எடுத்த நிறுவனத்தின் சின்னத்திலேயே ஆணும் பெண்ணும் தி.மு.க. கொடியைப் பிடித்திருப்பார்கள். நல்லவன் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், நாடு சரியாகிவிடும் என்ற நம்பிக்கை தமிழ்த் திரையில் அழுத்தமாக வேர்விட்டது இங்கேதான்.

நாற்பத்தொரு ஆண்டு கழித்து ஷங்கரின் 'முதல்வன்' (1999) அதே ஆசையை நவீன உடையில் காட்டியது. அர்ஜுன் நடித்த டி.வி. நிருபர் ஒரு நாள் முதல்வராகிறார். தெருவிலேயே தட்டச்சு இயந்திரத்தை வைத்து, ஊழியர்களை வேலையிலிருந்து விலக்கும் உத்தரவுகளைச் சுடச்சுட அடித்துக் கொடுக்கிறார். தியேட்டரில் விசில் பறந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? சட்டமன்ற உறுப்பினர் அல்லாத ஒருவர் அமைச்சராகவோ முதல்வராகவோ ஆறு மாதம் வரை இருக்க அரசியலமைப்பின் 164-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. அந்த அளவில் கதைக்கு அடித்தளம் உண்டு. ஆனால் அரசு ஊழியரை விசாரணை இல்லாமல் பொதுவாக வேலையை விட்டு நீக்க முடியாது. 311-ஆவது பிரிவு அதற்காகவே இருக்கிறது. இந்தப் பாதுகாப்பு ஊழல்வாதிகளை மட்டும் காப்பாற்றுவதில்லை, மேலிடம் சொன்ன தவறைச் செய்ய மறுக்கும் நேர்மையான அதிகாரியையும் காப்பாற்றுகிறது. விசில் அடிக்கும்போது இது நமக்குத் தோன்றுவதில்லை.

'முதல்வன்' படத்தில் உண்மையான அரசியல் பாடம் அதற்கு முன்னால் வருகிறது. ரகுவரன் நடித்த முதல்வர், ஓட்டு போய்விடும் என்று பயந்து, கலவரத்தின்போது போலீஸை அடக்கி வைக்கிறார். நேரலைப் பேட்டியில் நிருபர் அந்த முடிவுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார். ஒரு ஊர் எரிவதற்கும் ஒரு தொலைபேசி அழைப்புக்கும் உள்ள தொடர்பை அந்தப் பேட்டி காட்டியது. ஒரு நாள் ஆட்சியை விட அந்தச் சில நிமிடங்களில்தான் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது.

2018-இல் ஏ.ஆர்.முருகதாஸின் 'சர்கார்', '49பி' என்ற சொல்லைத் தெருவுக்குத் தெரு கொண்டுபோய்ச் சேர்த்தது. விஜய் நடித்த நாயகன் ஓட்டுப்போட வரும்போது அவர் ஓட்டை ஏற்கெனவே யாரோ போட்டிருக்கிறார்கள். தேர்தல் நடத்தை விதிகளின் 49பி, அப்படிப்பட்டவருக்கு வாக்குச்சீட்டில் ஓட்டளிக்கும் உரிமையைத் தருகிறது. தெரியாத பலருக்கு இதைத் தெரியவைத்தது படத்தின் நல்ல காரியம். ஆனால் அந்த வாக்குச்சீட்டு உறையில் இட்டுத் தனியாக வைக்கப்படும். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. முடிவு வழக்கில் சிக்கி, நீதிமன்றம் கேட்டால்தான் அதற்கு உயிர். நாத்துவாரா வழக்கில் இந்த வகை ஓட்டுகள் உச்ச நீதிமன்றம் வரை பேசப்பட்டன. விதியின் பெயரைத் திரை சொல்லிக்கொடுத்தது. அதன் எல்லையைக் கதையின் வேகத்தில் விட்டுவிட்டது.

இயந்திரத்தைத் திறந்து காட்டியவை

சோ எழுதிய 'முகமது பின் துக்ளக்' 1968-இல் நாடகம், 1971-இல் படம். பல நூற்றாண்டுக்கு முந்திய சுல்தான் நவீன இந்தியாவில் பிரதமராகி, தன் பக்கம் தாவி வரும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் துணைப் பிரதமர் பதவி கொடுத்துவிடுகிறார். இது வெறும் வேடிக்கை என்று தோன்றலாம். ஆனால் 1967 தேர்தலுக்குப் பிறகு வட மாநிலங்களில் கட்சி தாவல் அன்றாடச் செய்தி. ஹரியாணாவில் ஓர் உறுப்பினர் குறுகிய காலத்தில் மூன்று முறை கட்சி மாறிய கதை நாடு முழுவதும் பிரசித்தம். கட்சி தாவல் தடைச் சட்டம் வந்தது 1985-இல்தான். சட்டம் வருவதற்குப் பல ஆண்டு முன்பே நோய் என்னவென்று ஒரு நாடகக் குழு மக்களுக்குக் காட்டிவிட்டது.

கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை கே.பாலசந்தர் 1981-இல் படமாக்கிய 'தண்ணீர் தண்ணீர்' இந்த வரிசையின் உச்சம். கரிசல் காட்டுக் கிராமம் அத்திப்பட்டி. பெண்கள் ஒரு குடம் தண்ணீருக்காக மைல் கணக்கில் நடக்கிறார்கள். ஊர் மனு கொடுக்கிறது, அரசியல்வாதிகள் வாக்குக் கொடுக்கிறார்கள், எதுவும் நடக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த ஒருவன் மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறான். கடைசியில் ஊரே மண்வெட்டியோடு இறங்கித் தானே கால்வாய் வெட்டத் தொடங்குகிறது. அப்போது மட்டும் அரசு ஓடி வருகிறது, அனுமதி இல்லாமல் வெட்டுவது சட்டவிரோதம் என்று தடுக்க.

இந்தப் படத்தில் தனி வில்லன் கிடையாது. வில்லனின் இடத்தில் இருப்பது மேசைக்கு மேசை நகரும் ஒரு கோப்பு. அதனால்தான் அது இன்றும் பழசாகவில்லை. சரிதாவின் நடிப்பு மறக்க முடியாதது. சிறந்த தமிழ்ப் படத்துக்கும் திரைக்கதைக்கும் தேசிய விருதுகள் வந்தன.

மணிவண்ணனின் 'அமைதிப்படை' (1994) நேரெதிர் பாதையில் போனது. கோயிலில் தேங்காய் பொறுக்கித் திரிந்த அமாவாசையை (சத்யராஜ்) ஒரு பெரும்புள்ளி கைப்பாவையாகத் தேர்தலில் நிறுத்துகிறார். ஓட்டு எண்ணும் நாளில் முன்னணி நிலவரம் வர வர, சத்யராஜ் உட்காரும் விதமும் பேசும் தொனியும் படிப்படியாக மாறுவதைத் தமிழ் ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அமாவாசை, நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ. ஆவது அந்த நாற்காலியில்தான். பதவி ஒரு மனிதனை என்ன செய்கிறது என்பதை மேடைப் பிரசங்கம் இல்லாமல், உட்காரும் தோரணை ஒன்றிலேயே சொல்லிவிட்ட காட்சி அது.

ராஜுமுருகனின் 'ஜோக்கர்' (2016) தருமபுரி வட்டாரத்தில் நடக்கிறது. வீட்டில் கழிப்பறை இருக்கும் மாப்பிள்ளைதான் வேண்டும் என்கிறாள் ஒரு பெண். அரசுத் திட்டத்தில் பெயர் எழுதிக் கொடுக்கிறார்கள். ஒப்பந்தத்தில் காசு கரைந்து, அரைகுறையாக நின்ற கழிப்பறை இடிந்து விழுந்து, அவள் நினைவு இழந்து படுக்கையில் கிடக்கிறாள். கணவன் தன்னை இந்தியாவின் ஜனாதிபதி என்று அறிவித்துக்கொண்டு, மனுவும் போராட்டமுமாக அலைகிறான். டெல்லியில் அறிவிக்கப்படும் ஒரு திட்டம் கிராமத்துக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை கைகளைக் கடக்கிறது, ஒவ்வொரு கையிலும் எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டிய படம்.

த.செ.ஞானவேலின் 'ஜெய் பீம்' (2021), இன்றைய கடலூர் மாவட்டத்தில் 1993-இல் நடந்த காவல் மரண வழக்கை அடிப்படையாகக் கொண்டது. அந்த வழக்கை நடத்திய வழக்கறிஞர் கே.சந்துரு பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியானவர். சிறைவாசலில் விடுதலையாகி வருபவர்களிடம் சாதி கேட்டு, சிலரை வீட்டுக்கு அனுப்பி, இருளர்களை மட்டும் பழைய வழக்குகளில் மறுபடி இழுத்துச் செல்லும் தொடக்கக் காட்சியை யாராலும் எளிதில் கடந்துபோக முடியாது. 'ஆட்கொணர்வு மனு' என்ற சொல்லின் பொருளும் பலமும் இந்தப் படம் பார்த்த சாதாரண மக்களுக்கு விளங்கின. ஒருவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய், எங்கே என்று சொல்லவில்லை என்றால், அவரைக் கொண்டுவந்து நிறுத்து என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட முடியும். இந்த அறிவு யாருக்கு எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது.

வரவேற்பறைக்குள் வந்த கட்சிகள்

தொலைக்காட்சியின் கதை வேறு. 1984-இல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். பிரசாரத்துக்கு வர முடியாது. அவர் நலமாக இருப்பதைக் காட்டும் வீடியோ தமிழகக் கிராமங்களில் போட்டுக் காட்டப்பட்டது. ஆண்டிப்பட்டிக்கு வராமலேயே அவர் ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். அவர் கட்சியும் ஆட்சியைத் தக்கவைத்தது.

1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்தது. பிறகு ஜெயா டி.வி., மக்கள் தொலைக்காட்சி, கலைஞர் டி.வி., கேப்டன் டி.வி. என்று கட்சி சார்ந்த அலைவரிசைகள் வரிசை கட்டின. 2006-இல் இலவச வண்ணத் தொலைக்காட்சியே தேர்தல் வாக்குறுதியானது. 2001 ஜூன் 30 நள்ளிரவில் கலைஞர் கைது செய்யப்பட்ட காட்சிகளைச் சன் டி.வி. திரும்பத் திரும்பக் காட்டி நாட்டையே அதிர வைத்தது. ஜெயா டி.வி. பார்த்தவர்களுக்கு அதே இரவு வேறொரு கதையாகத் தெரிந்தது. ஒரே சம்பவம், இரண்டு உண்மைகள். எந்தக் கேமரா எங்கே நின்றது, எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று கேட்கப் பழகாத பார்வையாளருக்கு, தன் வீட்டில் ஓடும் அலைவரிசையே முழு உண்மை ஆகிவிடுகிறது.

ஆட்சியின் உள்வேலையைத் தொடராகவே எடுத்த நாடுகள் உண்டு. பிரிட்டனில் பி.பி.சி. 1980 முதல் ஒளிபரப்பிய 'யெஸ் மினிஸ்டர்' முழுக்க ஓர் அமைச்சருக்கும் அவருடைய துறைச் செயலாளருக்கும் நடக்கும் இழுபறி. மக்கள் தேர்ந்தெடுத்தவர் முடிவெடுக்கிறாரா, அதிகாரி எடுக்க வைக்கிறாரா என்பதே ஒவ்வொரு வாரமும் கேள்வி. பிரதமர் மார்கரெட் தாட்சரே அதன் ரசிகர். டென்மார்க்கின் 'போர்கன்' ஒரு பெண் பிரதமரின் கூட்டணிப் பேரங்களைக் காட்டியது. அது தொடங்கியது 2010-இல். மறு ஆண்டே ஹெல்லே தோர்னிங்-ஷ்மித் அந்நாட்டின் முதல் பெண் பிரதமரானார்.

உக்ரைனில் நடந்தது நமக்கு மிகவும் பழகிய கதை. 2015-இல் தொடங்கிய 'மக்கள் சேவகன்' தொடரில், ஊழலைத் திட்டிய ஒரு பள்ளி ஆசிரியர் எதிர்பாராமல் அதிபராகிறார். அந்த வேடத்தில் நடித்த வொலோதிமிர் ஜெலென்ஸ்கி 2019-இல் சுமார் 73 சதவீத ஓட்டுடன் நிஜ அதிபரானார். கட்சிக்கும் தொடரின் பெயர்தான். 'நாடோடி மன்னன்' பார்த்து வளர்ந்த மண்ணுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அதிகாரத்துக்கு ஏன் நடுக்கம்?

ஒரு படம் அரசியலைச் சரியாகத் தொட்டதா என்பதை அதிகாரம் அதற்குக் கொடுக்கும் பதிலிலிருந்தும் அறியலாம். நெருக்கடி நிலைக் காலத்தில் அம்ரித் நாஹட்டாவின் 'கிஸ்ஸா குர்சி கா' இந்திப் படத்தின் பிரதிகளே அழிக்கப்பட்டன. அதற்காக வழக்கும் நடந்தது. 2013-இல் விஜய்யின் 'தலைவா' மற்ற இடங்களில் வெளியான பிறகும் தமிழ்நாட்டில் பல நாள் காத்திருந்தது. 'சர்கார்' படத்தில் அரசின் இலவசப் பொருட்களைத் தீயில் எறியும் காட்சி ஆளுங்கட்சியினரின் போராட்டத்துக்குப் பின் நீக்கப்பட்டது. மறுபக்கம், திரையால் ஓட்டு சாயும் என்ற கவலை தேர்தல் ஆணையத்துக்கும் உண்டு. 2019 மக்களவைத் தேர்தலின்போது பிரதமரின் வாழ்க்கையைச் சொல்லும் படம் வாக்குப்பதிவு முடியும் வரை நிறுத்தி வைக்கப்பட்டது.

இத்தனைக்கும் நடுவில் பார்வையாளர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஓர் அரசியல் படம் பார்த்து முடித்ததும் வீட்டில் பேச வேண்டும். இந்த ஊருக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை, கோப்பு யார் மேசையில் நின்றது, அந்த அதிகாரியைக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு? பள்ளி, கல்லூரிகளில் குடிமையியல் பாடத்தோடு 'தண்ணீர் தண்ணீர்', 'ஜோக்கர்', 'மண்டேலா' மூன்றையும் போட்டுக் காட்டினால், பாடப்புத்தகத்தில் உலர்ந்து கிடக்கும் ஊராட்சியும் வாக்குரிமையும் பிள்ளைகளுக்கு உயிரோடு தெரியும்.

அலைவரிசைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இரவு விவாதங்களில் நான்கு கட்சிக்காரர்களைக் கத்தவிடும் நேரத்தில் பாதியையாவது, ஒரு திட்டம் எங்கே தொடங்கி எங்கே நின்றது என்று தேடிக் காட்டும் நிகழ்ச்சிகளுக்குத் தர வேண்டும்.

தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கு நாட்களில் கிராம சபை கூடுகிறது. 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம், உள்ளாட்சி நாளான நவம்பர் 1-உம் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். ஊராட்சியின் வரவு செலவைக் கேட்க வாக்காளர் ஒவ்வொருவருக்கும் அங்கே உரிமை உண்டு. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் தெருக் குழாயைப் பற்றி எழுந்து நின்று கேளுங்கள்.